'பார்ப்போம்' என்று சொன்னால் போன் நிற்காது அண்ணாச்சி

காப்பீடு: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் மருத்துவக் காப்பீடு பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களைப் பிரித்தால், எந்தக் காப்பீடு எடுக்கலாம் என்று கேட்டவர்களைவிட, அதை விற்கிறவர்களிடமிருந்து எப்படித் தப்பிப்பது என்று கேட்டவர்கள்தான் அதிகம். அதில் ஐந்து கடிதங்கள் இங்கே.

கேள்வி: திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். வயது 46. எங்கள் தெருவில் ஒருவருக்கு ஆஞ்சியோ செய்து பெரிய பில் வந்ததைக் கேட்டதிலிருந்து, நமக்கும் ஒரு இன்சூரன்ஸ் எடுத்துப் போடுங்கள் என்று வீட்டில் ஒரே பேச்சு. சரி, விலையாவது பார்ப்போம் என்று ராத்திரி கடையைச் சாத்திவிட்டு வந்து, விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் ஒரு இணையதளத்தில் பெயர், வயது, போன் நம்பர் எல்லாம் போட்டேன். விலை திரையில் வருவதற்குள் முதல் போன் வந்துவிட்டது. மறுநாள் மத்தியானத்துக்குள் பதினேழு. ஒரு நம்பரை பிளாக் செய்தால் இன்னொரு நம்பரிலிருந்து வருகிறது. லாரிக்காரர், பெயிண்டர் எல்லாம் தெரியாத நம்பரிலிருந்துதான் கூப்பிடுவார்கள், அதனால் எடுக்காமலும் இருக்க முடியவில்லை. 'ஃபேமிலி மேல அக்கறை இல்லையா சார்?' என்று கேட்கிறான் ஒரு பையன். இதை எப்படி நிறுத்துவது?

பதில்: அண்ணாச்சி, அந்தப் பதினேழு பேரிடமும் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று நான் சொல்லட்டுமா? 'இப்ப கடையில இருக்கேன், அப்புறம் பேசுங்க.' 'வீட்ல கலந்துட்டுச் சொல்லுதேன்.' 'பார்ப்போம் தம்பி.' சரிதானே? நம்ம ஊரில் பார்ப்போம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். மாப்பிள்ளை கேட்டு வந்தவரிடமும் அதைத்தான் சொல்கிறோம், நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு வந்தவரிடமும் அதைத்தான் சொல்கிறோம். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல நமக்கு வாய் வராது. கேட்க வந்தவரும் விஷயத்தைப் புரிந்துகொண்டு காபியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார். அந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பையனுக்கு இது புரியாது. அவனுக்குப் புரிந்தாலும் அவன் முன்னால் இருக்கிற கம்ப்யூட்டருக்குப் புரியாது.

நானும் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்தவன்தான், அதில் கடைசி நாலு வருடம் இந்தப் போன் விற்பனைப் பக்கம். நீங்கள் நம்பரைத் தட்டிய நொடியிலிருந்து அங்கே உங்கள் பெயர் 'லீட்', அதாவது வாங்க வாய்ப்புள்ள ஆள். ஒவ்வொரு அழைப்பும் முடிந்ததும் பேசியவர் திரையில் ஒரு பட்டியலிலிருந்து ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த அழைப்புக்குப் போக முடியாது: ஆர்வம் இல்லை, திரும்ப அழைக்கவும், மணி அடித்தது எடுக்கவில்லை, தவறான எண், இப்படி. நீங்கள் 'அப்புறம்' என்றால் அது 'திரும்ப அழைக்கவும்' கணக்கில் போகும். சாயந்திரம் ஆறு மணி என்று அவர் குறித்துவிட்டால் ஆறு மணிக்கு இயந்திரமே உங்கள் நம்பரைச் சுற்றி, அப்போது யார் சும்மா இருக்கிறாரோ அவர் காதில் கொண்டுபோய்க் கொடுக்கும். எடுக்காமல் விட்டாலும், பேச்சுக்கு நடுவில் கட் செய்தாலும் 'எடுக்கவில்லை'தான். நாளைக்கு வேறு நம்பரிலிருந்து மறுபடி வரும். நீங்கள் பிளாக் செய்வது ஒரு நம்பரைத்தான், அவர்களிடம் நம்பருக்குப் பஞ்சமே கிடையாது. இதில் கோபப்பட்டுக் கத்தினால் என்ன ஆகும் என்றால், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பாவம், அந்தப் பையனுக்கு ஒரு நாள் கெட்டுப்போகும், உங்கள் நம்பர் அங்கேயேதான் இருக்கும்.

அதனால் அடுத்த முறை போன் வந்தால் இதை மட்டும் சொல்லுங்கள். 'எந்தக் கம்பெனியிலிருந்து பேசுகிறீர்கள்? எனக்கு வேண்டாம். என்னை அழைக்கக் கொடுத்த சம்மதத்தை வாபஸ் வாங்குகிறேன், ஆர்வம் இல்லை என்று பதிந்து நம்பரை எடுத்துவிடுங்கள்.' அவ்வளவுதான். காரணம் மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். விலை அதிகம் என்றால் குறைந்த விலைத் திட்டம் ஒன்று தயாராக இருக்கும், ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்றால் அதை இங்கே மாற்றிக்கொள்ளலாமே என்பார்கள், மனைவியிடம் கேட்க வேண்டும் என்றால் மனைவியிடமே பேசுகிறேன் என்பார்கள். எல்லாக் காரணத்துக்கும் பதில் அவர்கள் மேஜையில் அச்சடித்து ஒட்டியிருக்கும், நானே ஒட்டியிருக்கிறேன்.

சம்மதம் என்றேனே, அது எங்கே கொடுத்தோம் என்று நீங்கள் யோசிக்கலாம். விலையைக் காட்டு என்கிற பட்டனுக்குக் கீழே எறும்பு சைசில் ஒரு வரி இருக்கும். என் எண் டிஎன்டி (தொந்தரவு செய்யாதீர்கள்) பட்டியலில் இருந்தாலும் என்னை அழைக்கச் சம்மதிக்கிறேன் என்பதுதான் பெரும்பாலும் அதன் சாரம். பக்கத்தில் டிக் ஏற்கெனவே போட்டே இருக்கும். 'டிஎன்டி போட்டும் போன் வருது, எல்லாம் ஏமாத்து' என்று பாதிப் பேர் அலுத்துக்கொள்வது இந்த வரியால்தான். டிஎன்டி என்பது முன்பின் தெரியாதவர்கள் கூப்பிடாமல் இருக்கப் போடுகிற வேலி. நாமே கதவைத் திறந்து உள்ளே வா என்று சொன்னவனை வேலி தடுக்காது. அதனால் அந்த இணையதளத்தின் குறைதீர் அதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள், முகவரி தளத்தின் அடியில் இருக்கும். ரொம்ப இலக்கணமாக எழுத வேண்டாம், இந்த அளவு போதும்: இன்ன தேதியில் உங்கள் தளத்தில் என் எண்ணைப் பதிந்தேன். விற்பனைக்காக அழைக்கவும் குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் அனுப்பவும் அன்று கொடுத்த சம்மதத்தை இன்றோடு திரும்பப் பெறுகிறேன். என் எண்ணை யாருக்கெல்லாம் கொடுத்தீர்களோ அவர்களுக்கும் இதைத் தெரிவியுங்கள். இதை அனுப்பியும் நிற்காவிட்டால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ நடத்தும் பீமா பரோசா தளத்தில் புகார் பதியலாம், 155255-க்குப் போன் செய்தும் சொல்லலாம்.

டிஎன்டியும் போட்டு வைப்பது நல்லதுதான். 1909-ஐக் கூப்பிட்டோ, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டிஎன்டி ஆப்பிலோ, உங்கள் சிம் கம்பெனி ஆப்பிலோ செய்துவிடலாம், காசு கிடையாது. அதோடு எந்த நம்பரிலிருந்து வருகிறது என்று ஒரு கண் வையுங்கள். விற்பனை அழைப்பு என்றால் 140-ல் தொடங்கும் எண்ணிலிருந்து வர வேண்டும். சாதாரணப் பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து பாலிசி விற்கிறார்கள் என்றால் அது விதிமீறல், 1909-ல் புகார் கொடுங்கள், உங்கள் எண் டிஎன்டியில் இல்லாவிட்டாலும் கொடுக்கலாம். வந்த நம்பர், தேதி, என்ன பேசினார்கள் என்பது போதும். முன்பு மூன்று நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்று இருந்தது, 2025 பிப்ரவரியில் டிராய் அதை ஏழு நாளாக்கியது. ஆனால் கோபத்தில் 1600-ல் தொடங்கும் எண்களை பிளாக் செய்துவிடாதீர்கள். வங்கிகளும் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் சேவை விஷயமாகத் தங்கள் வாடிக்கையாளரைக் கூப்பிடுவதற்கு ஒதுக்கிய வரிசை அது. நாளைக்கு நீங்கள் பாலிசி எடுத்த பிறகு புதுப்பிக்கும் தேதியையோ கிளெய்ம் விவரத்தையோ சொல்ல வருகிறவர் அந்த வழியாகத்தான் வருவார்.

பதினேழு போனும் ஒரே இடத்திலிருந்து வந்ததா என்று ஒரு தடவை விசாரியுங்கள். உரிமம் வாங்கிய ஒப்பீட்டுத் தளங்கள் இருக்கின்றன, அவற்றின் அடியில் ஐஆர்டிஏஐ பதிவு எண் போட்டிருக்கும். அது இல்லாமல் 'விலை பாருங்கள்' என்று படிவம் மட்டும் வைத்திருக்கிற தளங்களுக்கு நம்பரை வாங்கி நாலு பேருக்கு விற்பதுதான் தொழில். அப்படிப்பட்ட இடம் என்றால் நாலு பேரிடமும் தனித்தனியாகத்தான் வேண்டாம் சொல்லியாக வேண்டும், வேறு வழியில்லை.

நான் மட்டும் யோக்கியமா என்றால் இல்லை. என் மச்சினனுக்கு விலை பார்க்கிறேன் என்று அவன் வயதையும் என் நம்பரையும் போட்டேன். ஒரு கல்யாண வீட்டில் மறுநாள் சொதிச் சாப்பாட்டில், இலையில் இஞ்சிப் பச்சடி வைத்த நேரத்துக்குப் போன். 'சார் உங்களுக்கு 34 வயசு, இப்பவே எடுத்தா பிரீமியம் கம்மி.' எனக்கு அப்போது 61. பக்கத்து இலைக்காரர் கேட்டுவிட்டு இன்றைக்கும் என்னை முப்பத்திநாலு என்றுதான் கூப்பிடுகிறார்.

கேள்வி: அப்படியானால் நம்பரே கொடுக்காமல் விலை பார்க்க வழி இருக்கிறதா? பெருமாள்புரத்திலிருந்து ஒரு வாசகி.

பதில்: இருக்கிறது, கொஞ்சம் மெனக்கெட வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு கம்பெனியின் சொந்தத் தளத்திலும் பதிவிறக்கம் என்றொரு பகுதி இருக்கும். அங்கே பாலிசியின் முழு விதிமுறையும் விளக்கக் கையேடும் பிடிஎஃப்பாகக் கிடக்கும், பல கையேடுகளில் கடைசிப் பக்கங்களில் வயதுவாரியாக விலைப் பட்டியலே இருக்கும். யாரும் உங்கள் பெயரைக் கேட்க மாட்டார்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 'ஆரோக்கிய சஞ்சீவனி' என்று தேடுங்கள். 2020 ஏப்ரலில் வந்த பொதுத் திட்டம், எல்லாக் கம்பெனிக்கும் ஒரே நிபந்தனைகள், விலை மட்டும்தான் மாறும். பில்லில் ஐந்து சதவீதம் நாம் கட்ட வேண்டும் என்கிற மாதிரிக் கட்டுப்பாடுகள் அதில் உண்டு. அதைத்தான் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, ஒரு அளவுகோலாக வைத்துக்கொண்டால் மற்றதை நிறுத்துப் பார்க்கலாம்.

படிக்கும்போது முதலில் அறை வாடகை உச்சவரம்பைத் தேடுங்கள். மூன்று லட்சத்துக்குப் பாலிசி, அறை வாடகை ஒரு சதவீதம் என்றால் ஒரு நாளைக்கு 3,000 ரூபாய். நீங்கள் 6,000 ரூபாய் அறையில் படுத்தால் மிச்ச மூவாயிரத்தை நாம் கட்டினால் போதும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அப்படி இல்லை, பல பாலிசிகளில் டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாமே அதே விகிதத்தில் பாதியாக வெட்டப்படும். அப்புறம், ஊர்வாரியாக மண்டலம் பிரித்து விலை வைக்கும் பாலிசிகள் உண்டு. திருநெல்வேலி முகவரிக்கு விலை குறைவு என்று சந்தோஷப்படுவதற்கு முன், பெரிய நகரத்தில் போய் வைத்தியம் பார்த்தால் நம் கையிலிருந்து எத்தனை சதவீதம் போட வேண்டும் என்று பாருங்கள். பெரிய ஆபரேஷன் என்றால் மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ சென்னைக்கோ வண்டி ஏறுகிறவர்கள்தானே நாம்.

இன்னொன்று, வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாவிட்டால் நீங்கள் நிஜமாகவே எந்த ஆஸ்பத்திரிக்குப் போவீர்களோ அங்கே நேரில் போய் இன்சூரன்ஸ் கவுன்டரில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். எந்தக் கம்பெனிக்குச் சீக்கிரம் ஒப்புதல் வருகிறது, எது இழுத்தடிக்கிறது என்று அங்கே இருக்கும் பெண்ணுக்கு நன்றாகத் தெரியும். விற்பனையாளர் ஒருவரும் சொல்லாத தகவல் அது.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம் என்றால், தனியார் பாலிசிக்கு முன் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு ஒரு பைசா பிரீமியம் கிடையாது, யாரும் போனும் செய்ய மாட்டார்கள்.

படிவம் நிரப்பியே ஆக வேண்டும் என்றால் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய சிம்மைப் போடுங்கள். ஆனால் பாலிசி எடுக்கும்போது உங்கள் நிஜ நம்பர்தான் கொடுக்க வேண்டும், ஓடிபியும் புதுப்பிக்கும் நினைவூட்டலும் அதற்குத்தான் வரும். ரீசார்ஜ் முடிந்த சிம்மைக் கொடுத்துவிட்டுத் தேதி தவறி பாலிசியே காலாவதியான குடும்பத்தை எனக்குத் தெரியும்.

கேள்வி: நாங்குநேரி பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்கு 58 வயது, எட்டு வருடமாக சுகர் மாத்திரை சாப்பிடுகிறார். போனில் பேசிய பெண், 'சுகர் இல்லைன்னே போட்டுடலாம் சார், மூணு வருஷம் கழிச்சு யாரும் கேட்க மாட்டாங்க, ஜிஎஸ்டி இல்லாத ஆஃபர் இன்னைக்கு மட்டும்தான்' என்று அவசரப்படுத்துகிறார். போடலாமா ஐயா?

பதில்: போடாதீர்கள் தம்பி. ஜிஎஸ்டி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத வரி 2025 செப்டம்பர் 22 முதல் எல்லோருக்குமே எடுக்கப்பட்டது. அது யாருடைய ஆஃபரும் இல்லை, இன்றைக்கு மட்டும் என்பதும் இல்லை. ஒன்று மட்டும் பாதி உண்மை, 'பிறந்தநாள் வருது, விலை ஏறும்' என்பார்கள். வயது கூடினால் விலை கூடும் பாலிசிகள் உண்டு, விலைப் பட்டியலில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

சுகர் விஷயத்தில் அந்தப் பெண் இரண்டு வேறு விதிகளைச் சேர்த்துக் குழப்புகிறார். ஏற்கெனவே இருக்கும் நோயைப் படிவத்தில் ஒழுங்காகச் சொன்னால், அதற்கான காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்க்கு கிளெய்ம் கிடைக்காத காலம், அதிகபட்சம் 36 மாதம்தான் இருக்கலாம். 2024-க்கு முன் இது 48 மாதமாக இருந்தது. சொல்லாமல் விட்டவருக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிய பிறகு, மறைத்தார் என்று சொல்லி கிளெய்மை மறுக்க முடியாது என்று இன்னொரு விதி இருக்கிறது, அதிலும் மோசடி என்று நிரூபித்தால் மறுக்கலாம். அதுவரை உங்கள் பாலிசி ஒரு பொய்யின் மேல் நிற்கும், பிடிபட்டால் கிளெய்மும் போகும், பாலிசியும் ரத்தாகலாம்.

எப்படிப் பிடிபடும் என்று கேட்டால், வேறு யாரும் வேண்டாம், உங்கள் அம்மாவே போதும். ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியோ தனியார் ஆஸ்பத்திரியோ, படுக்கையில் சேர்த்ததும் டியூட்டி டாக்டர் கேட்கும் முதல் கேள்வி 'சுகர், பிரஷர் இருக்காம்மா?' என்பதுதான். 'ஆமாய்யா, எட்டு வருஷமா மாத்திரை போடுதேன்' என்பார் அம்மா. அவர் அதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதுவார், டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அது வரும், கிளெய்ம் பார்க்கிறவர் முதலில் தேடும் வரியும் அதுதான்.

போனில் என்ன சொன்னார்கள் என்பது நாளைக்கு நிற்காது. படிவத்தில் என்ன இருக்கிறது, சரிபார்க்கக் கூப்பிட்டுப் பதிவு செய்யும்போது நீங்கள் எதற்கு ஆமாம் சொன்னீர்கள் என்பதுதான் நிற்கும். பாலிசி கைக்கு வந்ததும் அதோடு வரும் படிவ நகலில் சுகர் கேள்விக்கு நேரே என்ன இருக்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். நிபந்தனைகளைச் சுருக்கி ஒரு தகவல் தாள் தருவார்கள், கேட்டால் தமிழிலேயே தர வேண்டும். தப்பாக இருந்தால் கையில் வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம், அந்தச் சில நாளுக்கான தொகை போக மிச்சப் பணம் வரும்.

கேள்வி: ஐஆர்டிஏஐ-யிலிருந்து பேசுகிறோம், உங்கள் பழைய பாலிசியில் போனஸ் தேங்கியிருக்கிறது, அதை விடுவிக்க ஒரு தொகை கட்ட வேண்டும் என்று இந்தியில் கொஞ்சம் தமிழில் கொஞ்சமாகப் பேசினார்கள். கல்லிடைக்குறிச்சி.

பதில்: திருடர்கள். ஐஆர்டிஏஐ பாலிசி விற்பதும் இல்லை, போனஸ் கொடுப்பதும் இல்லை, யாரையும் கூப்பிட்டுப் பணம் கேட்பதும் இல்லை. பணம் கட்டியிருந்தால் இந்த இதழைக் கீழே வைத்துவிட்டு உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: எனக்கு ஊர் களக்காடு. சென்னையில் இன்சூரன்ஸ் கால் சென்டரில் வேலை. உங்களை மாதிரி ஆட்கள் எழுதுவதைப் படித்துவிட்டு எல்லோரும் எங்களைத்தான் திட்டுகிறார்கள். போன வாரம் ஒருவர், என் பேச்சைக் கேட்டுவிட்டு 'திருநெல்வேலிப் பிள்ளையா நீ, உனக்கு வேற வேலை கிடைக்கலையா?' என்று கேட்டார். நம்பரை எடுத்துக் கொடுப்பது இயந்திரம். நாங்கள் என்ன செய்ய?

பதில்: தங்கச்சி, உன் மேல் தப்பில்லை. நானும் அந்த அறையில் இருந்தவன். மாசக் கடைசியில் டார்கெட் முடியாத பிள்ளைகள் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு முகத்தைக் கழுவி வந்து 'குட் ஈவினிங் சார்' என்பதைப் பார்த்திருக்கிறேன். திட்டாதீர்கள் என்று மேலே பெயிண்ட் கடை அண்ணாச்சிக்கும் அதனால்தான் எழுதினேன்.

உன்னால் முடிந்தது ஒன்று உண்டு. மறுமுனையில் ஒருவர் 'பார்ப்போம்மா' என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று சென்னைக்காரருக்கோ உன் டீம் லீடருக்கோ தெரியாமல் இருக்கலாம். களக்காட்டுப் பிள்ளைக்குத் தெரியும். 'திரும்ப அழைக்கவும்' என்பதில் விரலை வைக்காமல் 'ஆர்வம் இல்லை' என்று போட்டுவிடு.